ஜீப்ரா கிராசிங்கில் சைக்கிளை மிதிப்பதா, தள்ளுவதா?

சைக்கிளில் வருகிறீர்கள். சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போக வேண்டும். முன்னால் வெள்ளைக் கோடுகள் பட்டை பட்டையாகக் கிடக்கின்றன. நடப்பவர்களுக்கான சிக்னலில் பச்சை விழுந்துவிட்டது. ஒரு கால் பெடலில், ஒரு கால் தரையில். இறங்க வேண்டுமா, ஒரே மிதியாக மிதித்துக் கடந்துவிடலாமா? ஓட்டப் பழகி ஒரு மாதம் ஆனவருக்கும் இந்தச் சந்தேகம் வரும், இருபது வருடமாக ஓட்டுபவருக்கும் வரும். பெரும்பாலானவர்கள் பதில் தேடி நிற்பதில்லை. பச்சையைப் பார்த்ததும் கால் தானாக மிதித்துவிடுகிறது.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இறங்குங்கள், தள்ளிக்கொண்டு போங்கள். சைக்கிளுக்கென்று தனிக் கோடோ, தனிச் சிக்னலோ, பலகையோ இருக்கும் இடத்தில் மட்டும் மிதித்துக் கடக்கலாம். சில ஊர்களில் சட்டமே மிதிக்க அனுமதிக்கிறது, அதற்கும் வருகிறேன். காரணம் தெரியாமல் மனப்பாடம் செய்த விதி, நேரமாகிவிட்டது என்று ஓடும் நாளில் கைவிட்டுப் போகும். அதனால் காரணத்தைக் கொஞ்சம் நிதானமாகவே பார்ப்போம்.

சாலையில் சைக்கிளுக்கு இரண்டு நிலை உண்டு. ஏறி உட்கார்ந்து மிதிக்கும்போது அது வண்டி. காருக்கும் லாரிக்கும் உள்ள விதிகளில் பெரும்பகுதி அதற்கும் பொருந்தும்: சிவப்பு விழுந்தால் நிற்க வேண்டும், தன் பக்கமாகத்தான் போக வேண்டும், திரும்பும் முன் கை காட்ட வேண்டும். அதே சைக்கிளை விட்டு இறங்கி ஹேண்டில் பாரைப் பிடித்துத் தள்ளத் தொடங்கியதும், நீங்கள் நடந்து போகிற ஆள் ஆகிவிடுகிறீர்கள். கையில் பெட்டியோ பையோ இருந்தால் எப்படியோ அப்படி. 1968இல் வியன்னாவில் கையெழுத்தான சாலைப் போக்குவரத்து ஒப்பந்தத்திலும், அதற்கு ஐரோப்பிய நாடுகள் 1971இல் சேர்த்த துணை ஒப்பந்தத்திலும் இது இருக்கிறது. வியன்னா ஒப்பந்தம் சைக்கிளை ஒரு வாகனம் என்று வரையறுக்கிறது. துணை ஒப்பந்தம், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிறவரைப் பாதசாரியாகவே நடத்த வேண்டும் என்கிறது. குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளுகிறவர், சக்கர நாற்காலியைத் தள்ளுகிறவர் ஆகியோரோடு சேர்த்தே இவரையும் சொல்கிறது.

வெள்ளைக் கோட்டில் வழி கேட்கும் உரிமை பாதசாரிக்கு உரியது. அங்கே கால் வைத்தவருக்கு வண்டிகள் நின்று வழிவிட வேண்டும். அப்படியானால் நீங்கள் மிதித்துக்கொண்டு கோட்டில் ஏறும்போது, ஒரு வண்டி இன்னொரு வண்டியின் குறுக்கே பக்கவாட்டிலிருந்து வந்து நுழைகிறது. தள்ளிக்கொண்டு ஏறும்போது ஒரு மனிதர் சாலையைக் கடக்கிறார். இடம் ஒன்றுதான், சைக்கிளும் ஒன்றுதான், ஆனால் உங்கள் உரிமை மாறிவிடுகிறது.

இந்த எல்லை எங்கே இருக்கிறது என்பதை இங்கிலாந்தில் 1980இல் வந்த ஒரு தீர்ப்பு மிகத் தெளிவாகக் காட்டியது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஜீப்ரா கிராசிங்கைக் கடந்த ஒரு பெண்ணைப் பாதசாரி என்று கொள்ளலாமா, கார் ஓட்டி வந்தவர் அவருக்கு வழிவிட்டிருக்க வேண்டுமா என்பது கேள்வி. நீதிபதி சொன்னது இதுதான்: நடைபாதையில் தொடங்கி, இரண்டு காலாலும் நடந்து வந்திருக்கிறார், கையில் சைக்கிள் இருப்பதால் அவர் பாதசாரி இல்லை என்று ஆகிவிடாது. கூடவே இன்னொன்றையும் சொன்னார். ஒரு காலைப் பெடலில் வைத்து, இன்னொரு காலால் தரையை உந்திக்கொண்டு போயிருந்தால் அவரைப் பாதசாரி என்று கொண்டிருக்க முடியாது.

இந்த இரண்டாவது பகுதியை நான் பலருக்குச் சொல்லியிருக்கிறேன். ஏனென்றால் 'பாதி இறங்குவது' நம்மில் நிறையப் பேருக்குப் பழக்கம். சீட்டிலிருந்து எழுந்து, இடது காலைப் பெடலில் நிறுத்தி, வலது காலைப் பின்னால் தொங்கவிட்டபடி கெந்திக் கெந்திக் கடப்போம். இறங்கிவிட்டோம் என்று மனசுக்குத் தோன்றும். வேகமோ நடையைவிட இரண்டு மடங்கு இருக்கும். ஒரு காலில் நிற்பதால் பிரேக் பிடித்தால் உடம்பு நிலைதடுமாறும். இரண்டு காலும் தரையில் இருந்தால்தான் இறங்கியதாகக் கணக்கு.

சரி, சட்டத்தைக் கொஞ்சம் ஒதுக்கி வைப்போம். சட்டம் இப்படி அமைந்ததற்குப் பின்னால் ஒரு எளிய கணக்கு இருக்கிறது. எனக்கு இந்த விஷயம் உண்மையில் புரிந்தது அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த அன்றுதான்.

மணிக்கு 48 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் நிற்க, பிரிட்டனின் சாலை விதிக் கையேடு தரும் தூரம் 23 மீட்டர். ஆபத்தைக் கண்டு கால் பிரேக்குக்குப் போவதற்குள் 9 மீட்டர் ஓடிவிடும். பிரேக் பிடித்த பிறகு இன்னும் 14 மீட்டர். நேரக் கணக்கில் பார்த்தால் மொத்தம் இரண்டே முக்கால் விநாடி ஆகும். இந்த இரண்டே முக்கால் விநாடியில் யார் எவ்வளவு தூரம் நகர்வார்கள்? மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் நடப்பவர் நான்கு மீட்டருக்கும் குறைவாக. மணிக்கு 18 கிலோமீட்டரில் மிதித்து வருபவர் கிட்டத்தட்ட 14 மீட்டர். இந்த 18 என்பது பந்தய வேகம் கிடையாது. சாதாரண சைக்கிளில் சாதாரணமாக மிதித்தால் வருகிற வேகம்தான்.

இதைக் கார் ஓட்டுபவரின் இருக்கையில் உட்கார்ந்து பாருங்கள். வெள்ளைக் கோட்டுக்கு 23 மீட்டர் முன்னால் வருகிறார். கோட்டின் இரண்டு முனைகளையும் பார்க்கிறார். தன் வழியில் குறுக்கிடக்கூடிய பாதசாரி யாராக இருந்தாலும் அந்த நேரத்தில் கோட்டிலிருந்து நான்கு மீட்டருக்குள் இருந்தாக வேண்டும். அதாவது நடைபாதை விளிம்பில் நிற்பார், அல்லது இரண்டு மூன்று எட்டு பின்னால் இருப்பார். ஒரு பார்வையில் தெரிந்துவிடும். யாரும் இல்லையா, கார் அதே வேகத்தில் வருகிறது. ஆனால் அந்தக் காரின் முன்னால் வந்து விழப்போகிற சைக்கிள்காரர் அந்த நொடியில் 14 மீட்டர் தள்ளி இருக்கிறார். நிறுத்தி வைத்த வேனுக்குப் பின்னால், மரத்துக்குப் பின்னால், சுவர் திரும்பும் இடத்தில். ஓட்டுநர் பார்க்க வேண்டிய இடத்தைச் சரியாகப் பார்த்தார், அங்கே ஆள் இல்லை. இரண்டே முக்கால் விநாடி கழித்து ஆள் இருக்கிறார். இதில் ஓட்டுநரின் அலட்சியம் என்று எதுவும் இல்லை.

ஜீப்ரா கிராசிங் நடை வேகத்துக்காக வடிவமைத்த இடம். ஓட்டுநரின் கண் எவ்வளவு தூரம் துழாவ வேண்டும், கோட்டுக்கு அருகே எவ்வளவு இடத்தை மறைப்பின்றி வைத்திருக்க வேண்டும், சிக்னலில் பச்சை எத்தனை விநாடி எரிய வேண்டும் என்பதெல்லாம் காலால் நடக்கிற மனிதரை மனதில் வைத்துப் போட்ட கணக்கு. அமெரிக்காவில் பாதசாரி சிக்னலுக்கு நேரம் ஒதுக்கும்போது, ஒருவர் விநாடிக்கு மூன்றரை அடி நடப்பார் என்று வைத்துக்கொள்கிறார்கள். அது நிதான நடை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிறவருக்கும் அந்த நேரம் தாராளமாகப் போதும்.

இன்னொரு ஆபத்து திருப்பத்தில் இருக்கிறது. எனக்கே நடந்தது இது. ஒரு கிளைச் சாலை பெரிய சாலையில் வந்து சேரும் இடம். நான் நடைபாதையை ஒட்டி வந்து, வேகத்தைக் குறைக்காமல் கோட்டில் இறங்கினேன். கிளைச் சாலையிலிருந்து ஒரு கார் மெதுவாக முன்னேறிக்கொண்டிருந்தது. ஓட்டுநரின் தலை எனக்கு எதிர்ப்பக்கம் திரும்பியிருந்தது. பெரிய சாலையில் அந்தப் பக்கத்திலிருந்துதான் வண்டிகள் வரும். இடைவெளி கிடைக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். இடைவெளி கிடைத்தது, காரை எடுத்தார். நான் கத்தியதைக் கேட்டு நிறுத்தினார். பம்பருக்கும் என் முன் சக்கரத்துக்கும் நடுவே ஒரு சாண் இருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் தெரிந்த அவர் முகம் வெளுத்துப்போயிருந்தது. என் கை ஹேண்டிலை விட்டு வரவே இல்லை. அன்றைக்கு அவர்மேல் கோபம் வந்தது. பிறகு யோசித்தபோது, அவர் பார்க்கவேண்டிய பக்கத்தைத்தான் பார்த்தார் என்று புரிந்தது.

ஃபின்லாந்தில் நான்கு நகரங்களில் நடந்த சைக்கிள்-கார் விபத்துகளை ஆழமாக ஆராய்ந்து 1998இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். அங்கே வண்டிகள் சாலையின் வலப்பக்கம் ஓடும். சைக்கிள் பாதை சாலையைக் கடக்கும் இடங்களில் அதிகமாக நடந்த விபத்து இப்படி: கார் வலது பக்கம் திரும்புகிறது, ஓட்டுநர் இடது பக்கம் வரும் கார்களைப் பார்க்கிறார், சைக்கிள் வலது பக்கத்திலிருந்து வருகிறது. இந்த வகை விபத்துகளில் மோதுவதற்கு முன் சைக்கிளைக் கவனித்த ஓட்டுநர்கள் 11 சதவீதம் மட்டுமே. சைக்கிளில் வந்தவர்களில் 68 சதவீதம் பேர் காரைப் பார்த்திருந்தார்கள். பார்த்தவர்களில் 92 சதவீதம் பேர், கார் தனக்கு வழிவிடும் என்று நம்பினார்கள்.

இந்த மூன்று எண்களையும் சேர்த்துப் படித்தால் நெஞ்சு கனக்கிறது. நாம் அவரைப் பார்க்கிறோம், அதனால் அவரும் நம்மைப் பார்க்கிறார் என்று நினைத்துக்கொள்கிறோம். அத்தனைக்கும் அது சைக்கிளுக்கென்றே போட்ட பாதை, உரிமையும் சைக்கிளுக்கு இருந்தது. உரிமை இருந்த இடத்திலேயே இந்த நிலை என்றால், நடப்பவர்களுக்கான கோட்டில் மிதித்து வருகிறவரின் நிலையை நினைத்துப் பாருங்கள். இறங்கித் தள்ளினால் இந்தக் கண்ணி அறுபடுகிறது. ஓட்டுநர் திரும்பிப் பார்க்க நேரம் கிடைக்கிறது. அவர் பார்க்கவில்லை என்றாலும், ஒரே எட்டில் நீங்கள் நின்றுவிடலாம்.

இதுவரை சைக்கிள்காரரின் உயிரைப் பற்றியே பேசினேன். அந்தக் கோட்டில் வேறு மனிதர்களும் இருக்கிறார்கள்.

ஒரு மாலையில் சிக்னல் அருகே ஒருவருக்காகக் காத்து நின்றுகொண்டிருந்தேன். கைத்தடி ஊன்றிய பெரியவர் ஒருவர் பச்சை விழுந்ததும் இறங்கினார். தடி முன்னால், பிறகு வலது கால், பிறகு இடது கால் என்று ஒரு தாளத்தில் போய்க்கொண்டிருந்தார். எதிரிலிருந்து ஒரு பையன் சைக்கிளில் வந்தான். நல்ல பையன்தான், பெரியவரைப் பார்த்து ஒதுங்கியே போனான். மோதவில்லை, உரசவும் இல்லை. ஆனால் பெரியவர் நின்றுவிட்டார். தடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சாலை நடுவில் அப்படியே நின்றார். சைக்கிள் எந்தப் பக்கம் விலகும் என்று அவருக்குத் தெரியாது. நகராமல் நிற்பதுதான் பாதுகாப்பு என்று உடம்பு முடிவெடுத்திருக்கிறது. மறுபடி அந்தத் தாளத்தைப் பிடிக்க அவருக்கு நேரமானது. பாதிக்கு மேல் போவதற்குள் பச்சை மினுக்க ஆரம்பித்துவிட்டது. பையன் அதற்குள் அடுத்த தெருவுக்குப் போயிருப்பான். தன்னால் ஒருவர் நடுச்சாலையில் மாட்டிக்கொண்டார் என்பது அவனுக்குத் தெரிந்திருக்க வழியே இல்லை.

கண் தெரியாதவர்களுக்கு இது இன்னும் கடினம். அவர்கள் காதால் சாலையைப் படிக்கிறார்கள். காரின் சத்தம் எங்கிருந்து வருகிறது, நிற்கிறதா, நகர்கிறதா என்று கேட்டுத்தான் கால் வைக்கிறார்கள். சைக்கிள் சத்தமில்லாமல் வரும். சின்னக் குழந்தைகளோ, பெரியவர் கையை உதறிவிட்டு ஒரு எட்டு பக்கவாட்டில் போய்விடுவார்கள். நடக்கிறவர்களுக்கு நடுவே அதனால் ஒன்றும் ஆகாது. சைக்கிள் வரும்போது அந்த ஒரு எட்டு போதும்.

மிதிக்கலாம் என்று சொல்லும் இடங்கள்

எல்லா இடத்திலும் ஒரே விதி இல்லை. போலந்திலும் ரஷ்யாவிலும் பாதசாரிக் கோட்டில் சைக்கிளை மிதித்துக் கடப்பது தடை. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்திலும் இறங்கித்தான் கடக்க வேண்டும். பிரிட்டனின் கையேடு ஜீப்ரா கிராசிங்கில் இறங்கித் தள்ளிச் செல்லச் சொல்கிறது. ஜெர்மனியின் நிலை கொஞ்சம் நுணுக்கமானது: மிதித்துக் கடப்பது தன்னளவில் குற்றமில்லை, ஆனால் மிதிப்பவருக்காகக் கார் நிற்க வேண்டிய கட்டாயமும் இல்லை. அந்த முன்னுரிமை நடப்பவர்களுக்கும் சக்கர நாற்காலியில் வருபவர்களுக்கும் மட்டும். வேண்டுமென்றால் இறங்க வேண்டும். ஜப்பானில், நடப்பவர்களுக்கு இடைஞ்சலாக வாய்ப்பு இருந்தால் இறங்கித் தள்ள வேண்டும்.

அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். வாஷிங்டன் மாநிலம் போன்ற சில இடங்களில், பாதசாரிக் கோட்டில் சைக்கிள் ஓட்டுபவருக்குப் பாதசாரியின் உரிமைகளும் கடமைகளும் உண்டு என்றே சட்டம் இருக்கிறது. ஓரிகன் மாநிலமும் மிதிக்க விடுகிறது, ஆனால் ஒரு நிபந்தனையோடு: வண்டி வந்துகொண்டிருக்கும்போது கோட்டை நெருங்குகிற, கோட்டில் நுழைகிற வேகம் சாதாரண நடை வேகத்தைத் தாண்டக் கூடாது. என்னைக் கேட்டால், மிதிக்க அனுமதிக்கும் சட்டங்களில் இதுதான் விஷயத்தைச் சரியாகப் பிடித்திருக்கிறது. காரோட்டிக்குப் பிரச்சினை சைக்கிள் என்ற பொருளில் இல்லை, அது வரும் வேகத்தில்தான் இருக்கிறது. நீங்கள் இருக்கும் ஊரின் விதியை ஒருமுறை தேடிப் படித்துக்கொள்ளுங்கள். அனுமதி இருந்தாலும் ஓரிகன் நிபந்தனையை நீங்களாகவே வைத்துக்கொள்ளலாம்.

சட்டம் என்ன சொல்கிறது என்பது விபத்துக்குப் பிறகும் வந்து நிற்கும். மிதிக்கக் கூடாத இடத்தில் மிதித்து வந்து அடிபட்டால், தப்பில் ஒரு பங்கு உங்கள்மேல் விழலாம். நஷ்டஈடு அந்த அளவுக்குக் குறையலாம்.

சைக்கிளுக்கென்றே போட்ட கடவைகளைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. பிரிட்டனில் 'டூக்கன்' என்று ஒரு வகை உண்டு. நடப்பவர், சைக்கிளில் வருபவர் இருவருமே கடக்கலாம் என்பதைக் குறிக்க 'டூ கேன்' என்ற ஆங்கிலச் சொற்களையும் டூக்கன் பறவையின் பெயரையும் சேர்த்து வைத்த பெயர். அதன் சிக்னலில் பச்சை மனிதனுக்குப் பக்கத்தில் பச்சை சைக்கிளும் எரியும். 2016 முதல் அங்கே இன்னொரு வகையும் வந்தது: ஜீப்ரா கோடுகளை ஒட்டி, பக்கத்திலேயே சைக்கிளுக்கு ஒரு தனித் தடம். அந்தத் தடத்தின் இரு ஓரமும் வெள்ளைச் சதுரங்களை வரிசையாகப் போட்டிருப்பார்கள். இந்தச் சதுரங்களுக்கு ஆங்கிலத்தில் 'யானைப் பாதம்' என்றே பெயர். பார்த்தாலும் யானை நடந்துபோன தடம் மாதிரிதான் இருக்கும். கனடாவிலும் இதே அடையாளம், இதே பெயர். நெதர்லாந்தில் சைக்கிள் கடக்கும் இடம் பெரும்பாலும் தனியாகவே இருக்கும். அங்கே தரையில் போட்டிருக்கும் வெள்ளை முக்கோணங்களுக்குச் சுறாப் பல் என்று பெயர். அந்தப் பல் யாரை நோக்கி நீட்டிக்கொண்டிருக்கிறதோ அவர்தான் வழிவிட வேண்டும். ஜப்பானில் பாதசாரிக் கோட்டுக்குப் பக்கத்தில் சைக்கிள் படம் வரைந்த தனிப் பட்டை பல சந்திப்புகளில் உண்டு.

இவை இருக்கும் இடத்தில் இறங்க வேண்டியதில்லை. இறங்கி, அதே தடத்தில் தள்ளிக்கொண்டு நடந்தால் பின்னால் வருகிற சைக்கிள்களுக்குத்தான் தொந்தரவு. மிதியுங்கள், ஆனால் திரும்பும் கார்களைப் பற்றி மேலே சொன்னதை மறக்காதீர்கள்.

இறங்க முடியாதவர்கள்

'இறங்கித் தள்ளு' என்று சொல்வது சுலபம். எல்லோராலும் அது முடியாது. முழங்கால் போனவர்களில் பலருக்கு நடப்பதைவிட மிதிப்பது எளிது. உடம்பின் எடையைச் சீட் தாங்கிக்கொள்கிறது. அவர்களுக்குச் சைக்கிள்தான் ஊன்றுகோல். கையால் சுழற்றும் மூன்று சக்கர வண்டியில் வருபவரை இறங்கச் சொல்வதில் அர்த்தமே இல்லை. முன்னால் பெட்டி வைத்து இரண்டு குழந்தைகளை உட்கார வைத்த சுமை சைக்கிளைத் தள்ளுவதும் லேசுப்பட்ட காரியமில்லை. இவர்களுக்கு நான் சொல்வது, கோட்டுக்கு முன்னால் முழுதாக நில்லுங்கள், ஓட்டுநரின் கண்ணைப் பாருங்கள், அவர் நின்றதும் நடை வேகத்தில் உருட்டுங்கள். இவர்களைப் பார்த்து "இறங்கி நட" என்று சத்தம் போடுகிறவர்கள் ஒரு நிமிடம் யோசிக்க வேண்டும்.

இன்னொரு வாதமும் நியாயமானது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிறவர், மிதிப்பவரைவிட அதிக இடத்தை அடைக்கிறார். ஹேண்டிலின் அகலத்தோடு பக்கத்தில் ஆளும் நடப்பதால் ஒரு மீட்டருக்கு மேல் போகும். கூட்டமான கோட்டில் பெடல் அடுத்தவர் கெண்டைக்காலில் இடிக்கும். உண்மைதான். ஆனால் நெருக்கியடிக்கும் கூட்டத்தில் மிதித்துப் போவது அதைவிட மோசம். நடை வேகத்துக்குக் குறைத்தால் சைக்கிள் நேராக நிற்காது, ஹேண்டில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடும், சட்டென்று கால் ஊன்ற இடமும் இருக்காது.

நேரம் வீணாகிறது என்கிறார்கள். 10 மீட்டர் அகலச் சாலையை மணிக்கு 18 கிலோமீட்டரில் மிதித்தால் 2 விநாடி, தள்ளிக்கொண்டு நடந்தால் 7 விநாடி சொச்சம். இறங்கி ஏறுவதையும் சேர்த்து 10 விநாடி போகட்டுமே.

கோட்டைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும்போது

பலரும் குழப்பிக்கொள்ளும் ஒன்று. இதுவரை பேசியது, கோட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு, பாதசாரி போகிற திசையில் சைக்கிள் போவதைப் பற்றி. நீங்கள் சாலையில் மற்ற வண்டிகளோடு வண்டியாக நேரே போய்க்கொண்டிருக்கிறீர்கள், வழியில் ஜீப்ரா கோடு வருகிறது என்றால் இறங்க வேண்டாம். அங்கே நீங்கள் வழிவிட வேண்டியவர். யாராவது கோட்டில் கால் வைத்திருந்தால், கார் நிற்பதைப் போலவே நிறுத்தக் கோட்டுக்கு முன்னால் நிற்க வேண்டும். நின்றிருக்கும் கார்களின் இடுக்கில் புகுந்து கோட்டைத் தாண்டுவது மிகவும் ஆபத்தானது. கார் எதற்காக நின்றது என்றால், அதன் முன்னால் யாரோ கடந்துகொண்டிருக்கிறார்கள். அந்த ஆள் காரின் மறைவிலிருந்து உங்கள் சக்கரத்துக்கு நேரே வெளிப்படுவார். அப்புறம், சிவப்பு விழுந்ததும் சாலையிலிருந்து நைசாக நடைபாதையில் ஏறி, பாதசாரிப் பச்சையில் மிதித்துக் கடந்து, மறுபடி சாலையில் இறங்குகிறார்களே, அதுவும் வேண்டாம். நொடிக்கொரு வேஷம் மாறும் சைக்கிளை எந்த ஓட்டுநராலும் கணிக்க முடியாது.

புதிதாக ஓட்டுபவர்களுக்கு இந்தக் கோடு ஒரு பெரிய உதவியும்கூட. வண்டிகள் சாலையின் இடப்பக்கம் ஓடும் நாடுகளில், பெரிய சந்திப்பில் வலது பக்கம் திரும்புவது ஆரம்பக்காரர்களுக்குப் பயம் தரும். பல தடங்களைத் தாண்டி நடுவுக்குப் போய் நிற்க வேண்டும். துணிச்சல் வரும் வரை அதைச் செய்ய வேண்டாம். ஓரமாகப் போய் இறங்குங்கள். பாதசாரிக் கோட்டில் ஒரு சாலையைத் தள்ளிக் கடந்து, அடுத்த சாலையையும் அதே மாதிரி கடந்து, பிறகு ஏறிக்கொள்ளுங்கள். இரண்டு சிக்னல் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

எப்படி இறங்குவது, எப்படித் தள்ளுவது

கோட்டை ஒட்டி வந்து சட்டென்று பிரேக் அடித்து இறங்காதீர்கள். பின்னால் வருபவர் இடித்துவிடுவார். சில மீட்டர் முன்பே மிதிப்பதை நிறுத்தி, பின்னால் ஒரு பார்வை பார்த்து, ஓரமாக வந்து நின்று இறங்குங்கள். இடது பக்கமாக இறங்குவது வசதி. சங்கிலி வலது பக்கம் இருப்பதால் துணியில் கிரீஸ் படாது, பல்சக்கரம் காலைக் கிழிக்காது. இரண்டு கையும் ஹேண்டிலில் இருக்கட்டும், விரல்கள் பிரேக் மேல் இருக்கட்டும். தள்ளும்போதும் பிரேக் வேண்டும், சரிவான இடத்தில் சைக்கிள் உங்களை இழுத்துக்கொண்டு போகும். பழகிய பிறகு ஒரு கையால் ஹேண்டிலையும் மறு கையால் சீட்டையும் பிடித்துத் தள்ளலாம், சைக்கிள் உடம்போடு ஒட்டி வரும், இடம் குறைவாகப் பிடிக்கும். பெடல் காலில் இடித்துக்கொண்டே வந்தால், உங்கள் பக்கத்துப் பெடலை முன்னோக்கித் திருப்பி வைத்துக்கொண்டு, அரை எட்டு தள்ளி நடங்கள்.

மின்சார சைக்கிள் கனமாக இருக்கும். ஐரோப்பிய விதிப்படி செய்த பல மாடல்களில், தள்ளுவதற்கென்றே ஒரு பொத்தான் உண்டு. அழுத்திப் பிடித்தால் மோட்டார் மணிக்கு 6 கிலோமீட்டர் வரை தானே உருட்டும். நிறையப் பேர் அதை ஒருநாளும் தொட்டதே இல்லை. உங்கள் வண்டியில் இருக்கிறதா என்று பாருங்கள்.

குழந்தையோடு போகும்போது நீங்கள் முதலில் இறங்குங்கள். "இறங்கு" என்று பத்து தடவை சொல்வதைவிட, நீங்கள் இறங்கி நிற்பதைப் பார்த்தால் அதுவும் இறங்கிவிடும். பிறகு பக்கத்தில், கை எட்டும் தூரத்தில் நடத்திக் கூட்டிப் போங்கள். உங்களுக்குப் பின்னால் விடாதீர்கள்.

விளிம்பில் நின்று, வரும் வண்டி நிற்கிறதா என்று பார்த்த பிறகு முன் சக்கரத்தை இறக்குங்கள். சைக்கிள் உங்கள் உடம்புக்கு முன்னால் முக்கால் மீட்டர் நீண்டிருக்கிறது என்பதை மறந்துவிடுவோம். நாம் நடைபாதையில் நிற்பதாக நினைத்துக்கொண்டிருப்போம், சக்கரம் சாலையில் இருக்கும். எதிர்ப்பக்கம் போனதும் கோட்டின் முனையிலேயே ஏறி உட்காராதீர்கள். பின்னால் நடந்து வருகிறவர்கள் சாலையில் தேங்கி நிற்க வேண்டியிருக்கும். நான்கைந்து எட்டு தள்ளிப் போய், ஓரமாக ஒதுங்கி, அவர்களைப் போகவிட்டு, அப்புறம் ஏறுங்கள்.